அட்டவணையில் ஏழாவது வரிசை

மார்ச் 3, செவ்வாய்

ஆய்விதழிலிருந்து மதிப்பீட்டுக்கு இன்னொரு கட்டுரை. இந்த மாதிரி ஓசி வேலைக்கெல்லாம் என் பெயர்தான் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வரும். ஒரு மென்பொருளைக் கட்டுமுன் 'இன்னின்னது வேண்டும்' என்று எழுதுவார்களே, அப்படிப் பன்னிரண்டு மென்பொருள்களின் தேவை ஆவணங்களைப் படித்து, பாதுகாப்பு எந்த இடத்தில் கைவிடப்பட்டது என்று தேடியிருக்கிறார்கள். எழுதியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, மதிப்பிடுவது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கெடு இரண்டு வாரம்.

மார்ச் 5, வியாழன்

பதினான்காம் பக்கம். அட்டவணையில் ஏழாவது வரிசை. மருத்துவமனைகளுக்கான மருந்துப் பதிவு மென்பொருள், பெயரை மறைத்திருக்கிறார்கள். ஆவணத்திலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்: "செவிலியரின் அவசரம் கருதி, தற்காலிகமாக வார்டுக்கு ஒரே கடவுச்சொல். பிறகு மாற்றப்படும்."

நான் எழுதிய வரி. ஒன்பது வருடத்துக்கு முன், பழைய கம்பெனியில்.

பக்கத்தில் அவர்கள் குறிப்பு: இன்றுவரை மாற்றப்படவில்லை.

கோப்பை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். அதே வரி.

மார்ச் 6

வேறு யாராவது எழுதியிருக்கக் கூடாதா? – 'அவசரம் கருதி' என்று என்னை விட்டால் எவள் எழுதுவாள்.

மார்ச் 7, சனி

மதிப்பீடு எழுதினேன். 'பன்னிரண்டு ஆவணங்கள் போதாது. நிராகரிக்கலாம்.' போன வருடம் ஐந்தே ஆவணங்களை வைத்துக்கொண்டு எழுதியவரை நானே தலையில் தூக்கி வைத்து ஆடினேன். இன்னும் அனுப்பவில்லை. நாலு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், தாகமே இல்லாமல்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வந்தாள். இருபத்தொரு வருட நர்ஸ். போன வருடம்தான் இப்போதைய மருத்துவமனைக்கு மாறினாள். முகமே சரியில்லை.

"ஒரு மாத்திரைன்னு இருந்ததை யாரோ நாலுன்னு மாத்தியிருக்காங்கடி. குடுக்கறதுக்கு முன்னாடி நான்தான் பார்த்து நிறுத்தினேன். கடைசியில மெமோ எனக்கே."

"யார் மாத்தினாங்கன்னு கம்ப்யூட்டர்ல தெரியாதா?"

"எங்க தெரியுது? வார்டுக்கே ஒரே பாஸ்வேர்டு. அந்த நேரம் டியூட்டியில இருந்தது நான், அவ்வளவுதான். பதினாறாம் தேதி விசாரணை. வேலை போனாலும் போகும்."

மென்பொருளின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். ஏழாவது வரிசையில் இருக்கும் அதேதான். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். என் வேலை அவளுக்கு 'கம்ப்யூட்டர்ல என்னமோ'. நானும் எதுவும் சொல்லவில்லை. ஏன்டி சொல்லவில்லை?

மார்ச் 9, திங்கள்

மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. அது விதி. நல்ல சாக்கும்கூட. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்து கால் வலிக்கிறது.

ஆனால் கட்டுரைதானே அவர்களுடையது. வரி என்னுடையது. என் வரியைப் பற்றி நான் பேச யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

மார்ச் 10, செவ்வாய்

நிராகரிப்பை அழித்தேன். ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதினேன்: ஏழாவது வரிசை என் வேலை, நான் இதை மதிப்பிடக் கூடாது, வேறு ஆளைப் பாருங்கள்.

பிறகு, கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், மருத்துவமனைக்கும் பழைய கம்பெனிக்கும் கடிதம். 'இந்தப் பதிவை வைத்து எந்தத் தனி ஆளையும் குற்றம் சொல்ல முடியாது. அப்படி ஒரு ஓட்டையை விட்டவள் நான்.' முழுப் பெயர், கையெழுத்து.

வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. இனி யார் எனக்கு வேலை தருவார்கள்?

மார்ச் 12

ஆசிரியரின் பதில், ஒரே வரி: "நன்றி, வேறொருவருக்கு அனுப்பிவிட்டோம்."

மருத்துவமனையிலிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 16, திங்கள்

இன்று விசாரணை. அக்கா போனை எடுக்கவில்லை. ஆறு முறை.

ஏப்ரல் 11, சனி

மெமோவைப் போன மாதமே வாபஸ் வாங்கிவிட்டார்கள். இன்று அக்கா போனில் வேறு புலம்பல்.

"சாஃப்ட்வேரை எழுதினவங்களே யாரோ லெட்டர் போட்டாங்களாம். நல்லா இருக்கட்டும். ஆனா இப்ப ஆளுக்கொரு பாஸ்வேர்டு, உயிரை வாங்குது. எவ கிளப்பி விட்டாளோ!"

"நான்தான்கா."



"அப்ப முதல்ல எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணு வெச்சது?"

"அதுவும் நான்தான்."

போனை வைத்துவிட்டாள். நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். குரல் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது.

"என் பாஸ்வேர்டு மறந்து போச்சு. புதுசா எப்படிடி வைக்கறது?"