பெரிய வெள்ளியில் மீன் பிடித்த வலை

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

வலைக் கம்பில் நீர்க்காகம் ஒன்று. சிறகை விரித்துக் காயவைத்தபடி. காற்று துளியும் இல்லை.

வேலைகள்: அப்பாவின் காலுக்கு மருந்து. அரிசி ஊறப்போடுவது. வெள்ளைச் சட்டைக்கு ஊசி நூல். வலை.

திருக்கை முள் குத்தி அப்பாவின் கால் இன்னும் வீக்கம். தண்ணீரில் இறங்க ஏலாது. பூசைக்கு முதல் நான் போய், கடலில் கம்பு நட்டு மறித்த எங்கள் சிறகுவலையின், மீன் வந்து சேரும் கடைசி அறையை அவிழ்த்துத் தூக்கிக் கட்ட வேண்டும். பெரிய வெள்ளியில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. ஆள் போகாவிட்டாலும் வலை பிடிக்கும். அதனால் அதையும் அவிழ்ப்பது வழக்கம்.

போனேன். கரையில் நாலு பேர், தோணியில் சாய்ந்துகொண்டு சிரித்துக் கதைத்தபடி. இடுப்பளவு தண்ணீர். பாவாடை நனைந்து அவர்களுக்கு முன்னால் ஏறி வர வேண்டும். பனைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

“கட்டிப்போட்டியோ பிள்ளை?” என்றார் அப்பா.

“ஓம்.”

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்றதும் இந்தக் கூச்சத்தால்தான். அப்போது பொய் சொல்லவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

வெயில். உபவாசம். தலையிடி.

சிலுவைப் பாதை முழுக்க வலையே ஞாபகம். இப்போது எத்தனை மீன் உள்ளே போயிருக்கும்? பிரசங்கத்தில், ஆண்டவரோடு சிலுவையில் அறையப்பட்ட இரண்டு கள்ளர். இருவருக்கும் ஒரே வெயில், ஒரே ஆணி. ஒருவன் மட்டும் ஆண்டவர் பக்கம் திரும்பினான். சிலுவையை முத்தமிடக் கடைசி ஆளாகப் போனேன்.

கரம்பனில் இருந்து மாமி வந்தா, அப்பாவின் தங்கை. கஞ்சி குடிக்கும்போது பிரசங்கத்தைப் பிடித்துக்கொண்டா. மற்றக் கள்ளன் திரும்ப மாட்டான் என்று படைக்கும்போதே கடவுளுக்குத் தெரியுமாம். தெரிந்துகொண்டு படைத்துவிட்டுப் பிறகு நரகத்தில் போடுவது என்ன ஞாயம் என்று கேட்டா. பங்குச் சுவாமியாரிடம் கேட்கப் பயம், அதனால் அப்பாவிடம்.

“அவர் ஒருத்தரையும் தள்ளிவிடேல்ல,” என்றார் அப்பா. “எங்கட வலை மாதிரித்தான். வாசலுக்குக் கதவே இல்லை. வந்த வழியால திரும்பலாம்.”

“அண்ணை, உங்கட வலையில ஒரு ஓரா மீன் எண்டாலும் திரும்பிப் போனதைக் கண்டனீங்களோ?”

அப்பா சிரித்தார். “நான் காணேல்ல. அவர் கண்டிருப்பார்.”

என் கஞ்சி ஆறிப்போனது. வலை அப்பாவுடையது. பாவம் அவர் கணக்கிலா, என் கணக்கிலா? நான் போகமாட்டேன் என்று கடவுளுக்கு வியாழன் காலையே தெரியுமென்றால், நான் போயிருக்க முடியுமா?

முடியும். வலைக் கயிறு இறங்கினால் எட்டும் தூரம்தான். அதுதான் பயம்.

ஏப்ரல் 19, பெரிய சனி

விடிந்ததும் கரை. அதே நாலு பேர் வலை உதறிக்கொண்டு. பாவாடையோடு இறங்கினேன். ஒருவன் ஏதோ சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். காது கொடுக்கவில்லை.

தண்ணீர் கண்ணாடி. அறைக்குள் இவ்வளவு மீன் ஒருநாளும் கண்டதில்லை. ஓரா, திரளி, மணலை. எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன, வெயில் பட்டுப் பட்டு. ஒவ்வொரு சுற்றிலும் வாசலைத் தாண்டிப் போகின்றன. மூச்சு விட மறந்து நின்றேன்.

ஒரு ஓரா. சின்னது. வாசலில் நின்றது. செவுள் அசைந்தது. பிறகு வெளியே போனது.

ஒருவரும் தள்ளவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். நான் பார்த்ததால்தான் அது போனது என்றில்லை. கடவுளும் இப்படித்தான் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரோ? வியாழன் பனைக்குப் பின்னாலும்? உடம்பெல்லாம் புல்லரித்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது, கை தண்ணீருக்குள்.

ஆனால் வலையின் சிறகைக் கட்டி மீனுக்கு உள்ளே வழி காட்டியது நாங்கள். எங்களுக்கு அப்படி வழி கட்டியது கடவுள் என்றால் அவரிடத்தில் என்ன பதில்? தெரியவில்லை. மாமி கேட்டதும் சரிதான்.

முடிச்சை அவிழ்த்தேன். வலை சரிந்தும் அவை சுற்றிக்கொண்டே இருந்தன. பிறகு ஒன்று. பிறகு எல்லாம், என் காலை உரசிக்கொண்டு.

கரையில் அப்பா, தடியை ஊன்றியபடி. நனைந்த பாவாடையைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, கட்டினது அவிண்டு போச்சோ?”

ஓம் என்றால் போதும். அவரே வழி விட்டுத் தந்தார்.

“வியாழக்கிழமை நான் கட்டேல்ல அப்பா,” என்றேன்.