வாஷி சொன்ன 114 விதிகள்

மார்ச் 2, திங்கள்

மான்டிவிடியோவில் கோடை முடிந்ததை எங்கள் ஆபீஸ் ஜன்னல்தான் முதலில் சொல்லும். கடற்கரைச் சாலைக் காற்றில் தானாக அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. ஆள் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று எர்னான் ஒரு வருடமாகச் சொல்கிறான். கம்பெனி அவனுடையது, ஜன்னலும் அவனுடையது, சளி மட்டும் எங்களுடையது.

போன மார்ச்சில் இந்த அறையில் ஏழு பேர் இருந்தோம். இப்போது எர்னான், வாஷி என்கிற வாஷிங்டன், நான். காலி நாற்காலிகளில் எங்கள் கோட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் பால் பண்ணைச் செயலிக்கு நிரல் எழுதுவது, திருத்துவது எல்லாவற்றையும் நான்கு ஏஐ ஏஜென்ட்கள் செய்கின்றன. வாஷி அவற்றுக்கு வேலை சொல்கிறான், அவை செய்ததை நான் சோதிக்கிறேன். வேகம் என்றால் அப்படியொரு வேகம். வாஷி மூன்று வாரத்தில் செய்வதை ஒரு ஏஜென்ட் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு, கீழே "முடிந்தது. கிராசியாஸ்" என்று எழுதிவைக்கும்.

நன்றி என்று சொல்லும் இந்த ஸ்பானிஷ் கிராசியாஸ்தான் வாஷிக்கு ஆகவே ஆகாது. இன்று குடுவையில் மாத்தே இலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே திரையைப் பார்த்துத் திட்டினான். "எவ்வளவு தடவ சொல்றது? மாத்தே சுத்தி வரும்போது குடுவையத் திருப்பிக் குடுத்து கிராசியாஸ்னா என்ன அர்த்தம்? போதும், இனிமே எனக்கு ஊத்தாதேன்னு அர்த்தம். இது என்னடான்னா ஒரு வாய்கூட குடிக்காம காலையிலேர்ந்து கிராசியாஸ் சொல்லிட்டிருக்கு!" சொன்னதோடு விடாமல் அதையே தட்டச்சும் செய்து அனுப்பினான். பதில் உடனே வந்தது: "புரிந்தது. விளக்கியதற்கு கிராசியாஸ்."

நான் சிரித்த சிரிப்பில் மாத்தே உறிஞ்சும் குழல் பல்லில் இடித்துவிட்டது.

மார்ச் 11, புதன்

காலை ஆறரைக்கு சான் ஹோஸேயிலிருந்து எல்பா அம்மா போன். "மகளே, என் நாப்பது மாட்டுக்கும் ஒரே நாள்ல சீக்கு வந்துருச்சாம், டாக்டரக் கூப்பிடுன்னு உங்க செயலி கத்துது. நான் இப்பதான் கறந்துட்டு வர்றேன். மாடுங்க என்னைவிட நல்லாருக்கு."

எல்பா அம்மாவுக்கு மட்டுமில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பண்ணைகளில் ஒரே கத்தல். நேற்றைப் போல மழையில் ஓடை பொங்கினால் பால் லாரி வராது. லாரி வராத நாளில் பண்ணைக்காரர்கள் பூஜ்யம் என்று பதிவார்கள். பால் கறந்திருப்பார்கள், கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பூஜ்யத்தை மாட்டுக்குச் சீக்கு என்று எடுத்துக்கொள்ளாதே என்று வாஷி ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு வரி எழுதியிருந்தான். அது எதற்கு என்று எழுதவில்லை. ஏஜென்ட் அதைக் குப்பை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிட்டது. கீழே வழக்கம்போல கிராசியாஸ்.

எர்னான் குதித்தான். "ஏன்டா காரணத்த எழுதி வைக்கல?"

"யாரும் கேக்கலியே" என்றான் வாஷி. கோபமில்லாமல்தான் சொன்னான்.

மார்ச் 13, வெள்ளி

எர்னான் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறான். வாஷியின் தலைக்குள் இருப்பதையெல்லாம் கணினியில் ஒரு நோட்டாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: விதி, எங்கே, காரணம். ஏஜென்ட்கள் ஒவ்வொரு வேலைக்கு முன்பும் அதைப் படித்துவிட்டுத்தான் தொடங்கும்.

நியாயமான வேலைதான். அப்படித்தான் எனக்குப் பட்டது.

மார்ச் 20, வெள்ளி

முப்பத்தெட்டு விதி ஆகிவிட்டது. தினமும் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை. அவன் ஊற்றுகிறான், நான் குடித்துவிட்டு எழுதுகிறேன்.

இந்த ஆளோடு ஒன்பது வருடம் அருகருகே உட்கார்ந்திருக்கிறேன். இவனுக்குள் இத்தனை பண்ணை இருப்பது எனக்குத் தெரியாது. எந்த ஊரில் எந்த ஓடை முதலில் பொங்கும், யார் கண்ணாடி போடாமல் எட்டை மூன்று என்று பதிவார், யார் ஞாயிற்றுக்கிழமை நெருப்பில் கறி வாட்ட உட்கார்ந்துவிட்டுத் திங்களன்று இரண்டு நாள் கணக்கையும் சேர்த்துப் போடுவார்... எல்லாம் ஒரு வரி, இரண்டு வரி நிரலாகக் கிடக்கிறது. நான் அதையெல்லாம் அவனுடைய சோம்பேறித்தனம் என்று நினைத்திருக்கிறேன். சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

இன்று குடுவையை நீட்டிக்கொண்டே சொன்னான்: "தாயே, ஏன் இப்படி எழுதினேன்னு கேட்ட மொத ஆள் நீதான். இது தெரிஞ்சிருந்தா ஏஜென்ட்கள ரெண்டு வருஷம் முன்னாடியே வாங்கச் சொல்லியிருப்பேன்."

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மார்ச் 27, வெள்ளி

எர்னான் என்னை முனைக் கடைக்குக் காபிக்குக் கூப்பிட்டான். தனியாக. அவன் காபி வாங்கித் தந்தால் ஏதோ கெட்ட செய்தி என்று அர்த்தம். நினைத்தது சரிதான்.

"நோட்டு முடிஞ்சதும் வாஷி வேண்டாம், சுல்மா. ஏப்ரல் முப்பது. பணம் போட்டவங்க, ஆபீஸுக்கு ரெண்டு பேர் போதும்னு சொல்லிட்டாங்க. நீயும் நானும்."

நான் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"அதுவரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா வாயத் திறக்க மாட்டான். எனக்கு மட்டும் இது இனிக்குதா என்ன?"

எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த வேலை போனால் மான்டிவிடியோவில் எனக்கு வேறு வேலை இல்லை. இதை நினைத்தேனா, நினைக்கவில்லையா? நினைத்தேன். முதலில் நினைத்ததே இதைத்தான், அப்புறம்தான் வாஷி. சரி என்றேன். "சரி." அவ்வளவு சுலபமாக வந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

ஈஸ்டரை ஒட்டி வரும் துரிஸ்மோ வார விடுமுறை முடிந்தது. வாஷி ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு ஒரு வாரம் மீன் பிடித்திருக்கிறான். மூக்கு நுனி தோல் உரிந்து வந்து நின்றான். எனக்கு ஒரு பாட்டில் வினிகரில் ஊறப்போட்ட மீன், அவன் கையால் செய்தது.

கூடவே ஒரு பிஸ்கட் பாக்கெட். கிழித்து விரித்து, உள்பக்கம் பேனாவால் நெருக்கமாக எழுதியிருந்தான். "தூண்டிலப் போட்டுட்டு சும்மாதானே உக்காந்திருந்தேன்? பதினேழு விதி ஞாபகம் வந்துச்சு. மறந்துடுவேன்னு எழுதிட்டேன். உனக்கு ஒதவும்ல?"

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாவி. நான்தான் பாவி. அவனைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 8

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

மீன் நன்றாக இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

தொண்ணூற்றேழாவது விதி: இரண்டு பெரிய அணிகள் மோதும் கிளாசிகோ கால்பந்து ஆட்டம் உள்ள நாளில் மாலைக் கறவை இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், பாலும் குறையும். கவலைப்படாதே. காரணம் என்ன எழுத என்று கேட்டேன். "யாரு கோல் போட்டாங்கன்னு மாட்டுக்கு என்ன தெரியும்? கறக்கிறவன் கைக்குத் தெரியும், தாயே. கோவத்துல கறந்தா மாடு பாலை அடக்கிக்கும். அப்படியே எழுது." அப்படியே எழுதினேன்.

மதியம் கடற்கரைச் சாலையில் நடந்தோம். அவன் கக்கத்தில் பிளாஸ்க், கையில் குடுவை. இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். வாயைத் திறந்தும்விட்டேன்.

"இந்த நோட்டு முடிஞ்சா எனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்" என்றான் அவன். "எர்னான் எனக்குன்னு புதுசா ஏதோ வெச்சிருக்கான்னு நினைக்கிறேன். ரெண்டு வாரமா என் முகத்தப் பாத்துப் பேச மாட்டேங்கிறான், பாத்தியா? ரகசியம் வெச்சுக்கத் தெரியாத பய."

நான் கடலைப் பார்த்தேன். எனக்கு ரகசியம் வைத்துக்கொள்ளத் தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது.

ஏப்ரல் 24, வெள்ளி

நூற்றுப் பதினான்கு. முடிந்தது.

எர்னான் சொன்னபடி ஏஜென்ட்களுக்கான குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: "சந்தேகம் வந்தால் ஏப்ரல் 30 வரை வாஷிங்டனிடம் கேள். மே 1 முதல் அவரிடம் கேட்காதே, நோட்டை மட்டும் பார்."

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவனிடம் சொல்லப்போகிறேன். எர்னான் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். இது சத்தியம்.

ஏப்ரல் 27, திங்கள்

நான் போனபோது அவன் முன்னாலேயே வந்திருந்தான். தண்ணீர் சுட வைத்திருக்கவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் அவன் இருக்கும்போது அந்தக் கெட்டில் ஆறிக் கிடந்ததே இல்லை.

திரையை என் பக்கம் திருப்பினான். மே மாதம் கன்றுகளுக்கான பக்கத்தைச் சேர்ந்து செய்யலாம் என்று ஏஜென்டுக்கு எழுதியிருக்கிறான். அது பதில் சொல்லியிருக்கிறது: "மே 1 முதல் உங்களிடம் கேட்க வேண்டாம் என்று எனக்கான குறிப்பில் உள்ளது. எனவே இந்த வேலையை நோட்டை வைத்து நானே செய்கிறேன். கிராசியாஸ்."

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அதற்கு. நான் எழுதியதை அப்படியே படித்துச் சொல்லியிருக்கிறது. நான் சொல்லாததை அது சொல்லிவிட்டது.

"உன் எழுத்துதானே?" என்றான்.

"ஆமா."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மார்ச் இருபத்தேழு."

விரலை மடக்கி நாள் எண்ணினான். "அப்போ நான் மீன் கொண்டுவந்தப்ப தெரியும்."

"தெரியும், வாஷி."

"நல்லா இருந்துச்சா?"

ஐயோ, அதைத்தான் கேட்டான். வேறு எதையாவது கேட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். இன்னிக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன், சத்தியமா இன்னிக்குத்தான்னு நான் ஏதேதோ உளறினேன். இப்படி உளறுகிறவளை நானே நம்ப மாட்டேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் நானே தண்ணீர் வைத்தேன், இலை போட்டேன், ஊற்றினேன். முதல்முறையாக நான் அவனுக்கு. வாங்கிக்கொண்டான். அடிவரை சத்தம் வரும்படி உறிஞ்சிக் குடித்தான். குடுவையைத் திருப்பிக் கொடுத்தான்.

"கிராசியாஸ், சுல்மா."

தாயே என்றுகூடச் சொல்லவில்லை.

அப்புறமும் மாலை ஐந்து வரை உட்கார்ந்து வேலை பார்த்தான். போகும்போது எர்னானிடம் சொன்னான்: "நோட்ட முழுசாப் படிச்சுட்டேன். ரெண்டு மூணு எடத்துல சரி பண்ணியிருக்கேன். இனிமே குழப்பம் வராது." எர்னான் அவனைக் கட்டிக்கொண்டான். நான் ஜன்னலைச் சாத்துவதுபோல் நின்றேன்.

ஏப்ரல் 30

குடுவையை எடுத்துக்கொண்டு போனான். பிளாஸ்கை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

மே 19, செவ்வாய்

மூன்று நாள் மழை. சான் ஹோஸேயில் ஓடை பொங்கியது, லாரி வரவில்லை, நூற்றைம்பது பண்ணையில் பூஜ்யம் பதிந்தார்கள். ஒரு இடத்தில்கூடச் செயலி கத்தவில்லை. எர்னான் மாவுப் பணியாரம் வாங்கிவந்தான், மழைக்கு எல்லாரும் சாப்பிடுவதுதான். "பாத்தியா, வேலை செய்யுது!" என்று என் தோளில் தட்டினான். செய்கிறது. எல்லாம் செய்கிறது. ஒன்றாவது செய்யாமல் போகாதா, ஓடிப்போய் வாஷியைக் கூப்பிட மாட்டோமா என்று நான் ஆசைப்பட்டது எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் எல்பா அம்மா போன். "செயலி இந்தத் தடவ வாயத் திறக்கல மகளே. வாஷிகிட்டச் சொல்லிடு, அவன் நல்லாருக்கணும்."

சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 8

ஆறு செய்தி அனுப்பியிருக்கிறேன். பார்க்கிறான். பதில் இல்லை. மச்சானோடு சேர்ந்து துராஸ்னோவில் டயர்க் கடையில் இருக்கிறானாம். எர்னான்தான் யாரோ சொன்னார்கள் என்று சொன்னான்.

ஜூலை 14, செவ்வாய்

குளிர். ஜன்னல் அப்படியேதான் இருக்கிறது.

எர்னான் தனக்கு வந்த ஏஜென்ட் அறிக்கை ஒன்றை எனக்குத் திருப்பி அனுப்பினான். அடியில் "முடிந்தது. கிராசியாஸ்." கண்ணில் ஏதோ இடறியது. எனக்கு வருவதில் இது இல்லையே? பழையவற்றைத் திறந்து பார்த்தேன். மே, ஜூன், ஜூலை. ஒன்றிலும் இல்லை. "முடிந்தது" என்று மட்டும் நிற்கிறது. அவனுக்கு வருவதில் எல்லாம் இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை.

ஏதோ பழுது என்று நினைத்து ஏஜென்டிடமே கேட்டேன். "நோட்டின் 115ஆம் விதிப்படி" என்றது.

நான் எழுதியது நூற்றுப் பதினான்கு.

திறந்தேன். ஏப்ரல் 27, பிற்பகல் 3.40. காலையில் என் கையில் குடுவையைக் கொடுத்து அந்த வார்த்தையைச் சொன்னவன், அதே நாள் பிற்பகலில், என் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறான். மூன்று கட்டமும் ஒழுங்காக நிரப்பியிருக்கிறான், நான் கேட்டுக்கொண்ட மாதிரியே.

விதி: சுல்மாவுக்கு எழுதும் எதையும் கிராசியாஸ் என்று முடிக்காதே.

எங்கே: எல்லா இடத்திலும்.

காரணம்: அவள் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

 அப்புறம் போனை எடுத்து அவனுக்கு எழுத ஆரம்பித்தேன். வாஷி, நோட்டைப் பார்த்தேன் என்று எழுதினேன். அடுத்து அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் மொழியில் அதற்கு இருப்பது அந்த ஒரு சொல்தான்.