நல்ல பேச்சு எழுதுகிறவருக்கு

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது. நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

தம்பிக்குக் கொடுக்கலாம் என்று நேற்று உங்கள் பழைய போனைத் துடைத்தேன். ‘நேர்வாயன்’ என்ற கணக்கு அதில் திறந்தே இருந்தது. மிக்ஸி ரிப்பேர் சொல்லிக்கொடுத்துத் தம்பி போட்ட வீடியோவுக்குக் கீழே, “மிக்ஸி நல்லா ஓடுது, உன் வாய்தான் திக்குது” என்று எழுதியவன். எண்ணூறு பேர் சிரித்தார்கள். தம்பி எல்லா வீடியோவையும் அழித்துவிட்டான். இரண்டு மாதமாகத் தன் ரிப்பேர் கடையில் எல்லோரிடமும் எழுதிக்காட்டித்தான் பேசுகிறான்.

நீங்கள் எழுதும் இணையப் பக்கத்தைவிட அவனை அதிகம் பேர் பார்த்ததுதான் பொறுக்கவில்லையா?

அதே வாரம் உங்கள் சொந்தப் பெயரில், இணையத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று புத்தர் வழியில் பாடம் எழுதினீர்கள். அதைப் படித்துவிட்டு அவன் அழுதான். “அக்கா, அ... அத்தான் ஒருத்தர்தான் எனக்காகப் பேசினாரு.”

இன்று காலை அந்தக் கணக்கைப் படம் பிடித்து உங்கள் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். தம்பி பார்த்துவிட்டான். நாலு மணிக்கு இங்கே உங்களைப் பார்க்க வருகிறான். அவன் பேசி முடிக்க நேரமாகும். நடுவில் புகுந்து வார்த்தை எடுத்துக்கொடுக்காதீர்கள்.

பி.கு. மீதியை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இன்னொன்று. அந்தப் பாடத்தில் நீங்கள் எழுதிய ஐந்து விதிகளையும் பார்த்துத்தான் படத்தைப் போட்டேன். உண்மை, தக்க நேரம், கடுமையில்லாத சொல், பயன், எல்லாம் சரியாக இருந்தது. ஐந்தாவது அன்புள்ள மனமாம். உங்களுக்காக என்னிடம் தேடிப் பார்த்தேன், இல்லை.