ஐந்து விரல் கறை

ஏனுங்க,

சோறும் தட்டைப்பயிற்றுக் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சிங்காநல்லூருக்கு வந்து சேருங்கள்.

தம்பி நிச்சயத்துக்கு நான் கட்டிக்கொண்டு போவது அந்தச் சந்தனக் கலர் சேலைதான். மில் கிரீஸ் கையோடு கொடியிலிருந்து எடுத்து, முந்தானையில் ஐந்து விரலையும் பதித்தீர்களே, அதேதான். "கறை போகாது அம்மணி, பாத்திரக்காரனுக்குப் போட்டுட்டு ஒரு தூக்குப்போசி வாங்கிக்க" என்றீர்கள். மூன்று நாளாக உங்களோடு பேசாமல் அதில்தான் துணிப் பெயின்டால் வரைந்துகொண்டிருந்தேன். நாலு விரல் கறையும் இப்போது பச்சை இலை! பக்கத்து வீட்டு சுப்பாத்தாள் அக்கா, "எந்தக் கடையில எடுத்த கண்ணு?" என்று கேட்டுவிட்டார்கள்.

பாத்திரக்காரர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ராசாத்தாள்

கட்டைவிரல் கறையை மட்டும் வரையாமல் விட்டுவிட்டேன். மடிப்புக்குள் யாருக்கும் தெரியாமல் என் தோள்மேல் இருக்கிறது.