நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இல்லாதது

கோச்சடை, மதுரை
9-1-2025

அன்புள்ள லெச்சுமிக்கு,

கனகா எழுதுவது. இங்கே சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீ அழுதுவிடுவாய், விஷயம் அப்படியே நின்றுபோகும். பத்தாம் வகுப்பிலிருந்து நமக்கு அதுதானே நடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நீ கொடுத்தனுப்பிய ஆய்விதழ் வந்தது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைப் பற்றிய உன் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். போன ஆடியில் நாலு நாள் என் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனாயே, எல்லாம் இருக்கிறது. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்ப்பது, எந்தப் பூ விமானத்துக்குத் தாங்கும், எது சென்னை பஸ்ஸுக்கு, எது இங்கேயே சரம் கட்ட என்று பிரிப்பது. நான் சொன்னது சொன்னபடி. சந்தோஷம்.

அந்தப் பத்தி முடிகிற இடத்தில் சின்னதாக 17 என்று ஓர் எண். கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணுக்கு நேரே யார் சொன்னது என்று இருக்கும் என நீதான் சொல்லியிருக்கிறாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் பெயரைத் தேடினேன். ஸ்ரீகுமார் என்பவர் எழுதிய மல்லிகைச் சாகுபடிப் புத்தகம், பக்கம் 114 என்று இருந்தது.

நான் வியாபாரி. சரக்கைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொல்லி வைத்து அந்தப் புத்தகத்தை வாங்கிவிட்டேன். 114-ல் தொழு உரம் போடுவது இருக்கிறது. 113-ல் செம்பேன் பூச்சி. 115-ல் கவாத்து. பிறகு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். முழங்கை எங்கேயும் இல்லை. நல்ல புத்தகம்தான், அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். தான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நீ எழுதியிருப்பது பாவம் அவருக்கே தெரியாது.

என் கடையில் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் விவசாயியின் பெயரும் ஊரும் எழுதிய துண்டுச் சீட்டு கிடக்கும். விற்று முடிகிற வரை அது மூட்டையை விட்டு வெளியே வரக் கூடாது. நீ வந்திருந்தபோதுதான் என் ஆள் பேயாண்டி இரண்டு சீட்டை மாற்றிப் போட்டுவிட்டான். இரண்டும் நல்ல பூ. ஆனாலும் ஒரு சீட்டுக்குரிய உசிலம்பட்டி விவசாயி கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏத்தா, எம் பூவுக்கு வேற ஆளு பேரா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டார். நீ ஸ்டூலில் இருந்து சிரித்தாய். அதையும் கட்டுரையில் போட்டிருக்கிறாய். எண் 19. அதற்கு நேரேயும் ஏதோ ஒரு புத்தகம்.

நானும் செத்துப்போகவில்லை லெச்சுமி. பதில் எழுது. போன் வேண்டாம்.

உன்
கனகா


கே.கே. நகர்
17-1-2025

அன்புக் கனகுவுக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய கரும்பும் மஞ்சளும் வந்தன. கோபத்தோடு கடிதமும் அன்போடு கரும்பும் ஒரே ஆட்டோவில் அனுப்ப உன்னால்தான் முடியும்.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. காரணம் சொல்கிறேன், சமாதானம் சொல்லவில்லை. கட்டுரையை முதலில் பார்த்தபோது என் ஆய்வு வழிகாட்டி ஹாலாஸ்யம் சார், "யாரோ ஒரு அம்மா சொன்னான்னு எழுதினா ஆச்சா ஸ்ரீலக்ஷ்மி? அச்சுல எங்கேயாவது இருக்கான்னு பாருங்கோ" என்றார். பார்த்தேன். இல்லை. இதழுக்கு அனுப்ப இரண்டு நாள்தான் இருந்தது. அலமாரியில் மல்லிகை என்று தலைப்புள்ள புத்தகம் அது ஒன்றுதான். 114 நானாகப் போட்ட எண். யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். முப்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் "பார்க்காததை மேற்கோள் காட்டாதே" என்று சிவப்பு மையில் எழுதுகிறவள் நான். திறந்து பார்த்தது நீ ஒருத்திதான்.

இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த இதழில் வரும். சாரிடமும் போய்ச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். பிறகு அவரே விதிகளை எடுத்துப் பார்த்துவிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் அதை ஆதாரமாகக் காட்டலாம் என்றார். எழுதியவர் பெயர், கடிதம், நாள். புத்தகத்துக்கு இருக்கிற அதே மரியாதை.

ஆகவே கேட்கிறேன். அந்த முறையை விவரமாக எனக்கு ஒரு கடிதமாக எழுது. என்ன செய்கிறாய், எப்போதிலிருந்து, யாரிடம் கற்றாய். மூன்றும் வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. மார்ச் 15 கடைசி நாள். இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று, இனிமேல் கொடுக்க மாட்டார்கள். எட்டு வருஷப் பதிவு ரத்தாகிவிடும். இந்த வயதில் மறுபடி தொடங்க எனக்குத் தெம்பு இல்லை.

மன்னிப்பாய் என்று தெரியும். கொஞ்ச நாள் கழித்தே மன்னி.

உன்
ஸ்ரீலக்ஷ்மி


கோச்சடை
28-1-2025

அன்புள்ள லெச்சுமிக்கு,

திருத்தம் அனுப்பியது சரி. இத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இந்தக் கடிதத்தைத் தபாலில்தான் போடுகிறேன். முத்திரை விழட்டும்.

என்ன செய்கிறேன்: இடது கை. முதலில் வளையலைக் கழற்றிவிட வேண்டும். வளையல் பட்டால் மொட்டு நசுங்கும், அதுதான் காரணம். ஆனால் வாயால் அப்படிச் சொல்வதில்லை, "பூ தூங்குது, சத்தம் ஆகாது" என்று சொல்வோம். மூட்டை வாயைப் பிரித்து, விரல்களைக் கூப்பி, முழங்கை மறைகிற வரை கையை இறக்க வேண்டும். விரலால் பார்க்கக் கூடாது. விரல் தினமும் தண்ணீரில் கிடந்து மரத்துப்போயிருக்கும். மணிக்கட்டின் உட்பக்கம்தான் பொய் சொல்லாது. ஓரத்தில் மட்டும் சூடு இருந்தால் அது வெயிலில் வந்த சூடு, போய்விடும், சென்னை பஸ்ஸுக்குத் தாங்கும். நடுவில் இருந்தால் பூவின் சூடு, சீக்கிரம் விரிந்துவிடும். அதை உள்ளூரிலேயே தள்ளிவிட வேண்டும். நடுவில் குளிர்ந்து, அடியில் லேசாக ஈரம் பட்டால் அது விமானத்துக்கு. பத்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் இருந்தால் தெரிவது நம் கைச் சூடு.

எப்போதிலிருந்து: பழைய சந்தையில் கூலிக்குப் பூப் பிரித்த காலத்திலிருந்து, முப்பது வருஷத்துக்கு மேல். நான் ஏற்றிவிட்ட பூ வெளிநாட்டில் விரிந்து இறங்கியது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. என் கடை நிலைத்ததே இதனால்தான்.

யாரிடம் கற்றேன்: யாரிடமும் இல்லை. நானே பழகிக்கொண்டது.

போதுமா? ஹாலாஸ்யம் சாரிடம் காட்டு. இதற்கு மேல் அச்சு வேண்டுமென்றால் அவரையே காலை ஐந்து மணிக்குக் கடைக்கு வரச் சொல்.

உன்
கனகா


கே.கே. நகர்
13-2-2025

அன்புக் கனகுவுக்கு,

உன் கடிதத்தைச் சாரிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். "மணிக்கட்டு பொய் சொல்லாது, பேஷ்" என்றார். அவர் வாயில் பேஷ் வருவது அபூர்வம். அத்தியாயத்துக்கே "கனகா முறை" என்று தலைப்பு வைக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு சின்னச் சந்தேகம். மற்றச் சந்தைகளில் இந்த முறை இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டியிருந்ததால் போன வாரம் திண்டுக்கல் போனேன். அங்கே ஒரு கடையில் நம்மைவிட நாலைந்து வயது மூத்த அம்மா ஒருவர் பூப் பிரிக்கிறார். இடது கை வளையலைக் கழற்றி மடியில் வைத்தார். முழங்கை வரை கையை இறக்கினார். ஏன் வளையலைக் கழற்றினீர்கள் என்று கேட்டேன். "பூவு தூங்குதுல்ல, சத்தம் ஆகாது" என்றார். உன் கடிதம் அப்போது என் பைக்குள்ளேயே இருந்தது.

பெயர் அழகம்மாள். முன்னே மதுரைச் சந்தையில் இருந்தாராம். உன் பெயரை நான் சொல்லவில்லை. அவராக எதுவும் சொல்லவும் இல்லை. அவர் உன்னிடம் கற்றுக்கொண்டவரா? அப்படியென்றால் அதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். எழுது.

உன்
ஸ்ரீலக்ஷ்மி


கே.கே. நகர்
1-3-2025

அன்புக் கனகுவுக்கு,

பதினைந்து நாளாயிற்று. கடைக்குப் போன் செய்தேன். உன் கடை ஆள் ஜெயபாண்டிதான் எடுத்தான். "அக்கா இருக்காக, ஆனா இல்லைன்னு சொல்லச் சொன்னாக டீச்சர்" என்றான். அவனைத் திட்டாதே. நேரில் வரலாம் என்று நினைத்தேன். நீ எழுதிச் சொல்ல வேண்டியது முகத்துக்கு நேரே கேட்டால் வராது என்று விட்டுவிட்டேன்.

உனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்றாலும் சரி. ஆனால் "நானே பழகிக்கொண்டது" என்ற வரியை என்னால் இப்போது ஆய்வேட்டில் போட முடியவில்லை. விரல் தட்டச்சுப் பலகை வரை போய்த் திரும்பி வருகிறது. ஒருமுறை பார்க்காமல் எண் போட்டவள் நான். நீதான் பிடித்தாய். மறுபடி அதைச் செய்தால் நீ வாங்கிய அந்தப் புத்தகத்தை எந்த முகத்தோடு பார்ப்பேன்?

பத்தாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடுவேன். எடுத்தால் மிச்சம் நிற்காது, எனக்குத் தெரியும். உன்னை மிரட்ட இதை எழுதவில்லை. நாள் கடந்தபின் நீ கேள்விப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முழங்கால் வலி தேவலை.

உன்
ஸ்ரீலக்ஷ்மி


கோச்சடை
8-3-2025

அன்புள்ள லெச்சுமிக்கு,

இதைத் தபாலில் போட்டால் நாளாகும். பேயாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அவனுக்குக் காபி கொடு, வெயிலில் வருகிறான்.

ஜனவரி 28 தேதியிட்ட என் கடிதத்தில் மூன்றாவது பதில் பொய். கடிதத்தைக் கிழித்துவிடாதே. தேதி போட்டது, அப்படியே இருக்கட்டும். இதை அதன் பக்கத்தில் வை.

கற்றது அழகம்மாளிடம். பழைய சந்தையில் ஒரே கடையில் இரண்டு பேரும் கூலிக்கு இருந்தோம். எனக்குக் கணக்கும் வாயும் உண்டு, அவளுக்குக் கை உண்டு. மூன்று வருஷம் அவள் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துச் சொல்வாள், பிறகு நான் விட்டுப் பார்ப்பேன், தப்பாகச் சொன்னால் முதுகில் ஒன்று வைப்பாள். அந்தத் தூங்குகிற பேச்சும் அவளுடையதுதான். நான் தனியாகக் கடை போட்டபோது கூடவே வந்தாள்.

மாட்டுத்தாவணிக்குச் சந்தை மாறிய புதிதில் ஓர் ஏற்றுமதி ஏஜென்ட் வந்தான். நாலு கடை பார்த்துவிட்டு என் கடைக்கு வந்து, இந்த வித்தையை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டான். அழகம்மாள் என் பக்கத்தில்தான் மூட்டைக்குள் கையை விட்டபடி நின்றாள். நான் "நானே பழகிக்கிட்டது சார்" என்றேன். உனக்கு எழுதிய அதே வார்த்தை. அவள் கையை எடுத்தாள். கையில் ஒட்டிய பூவைத் தட்டிவிட்டாள். கல்லா மேல் வைத்திருந்த வளையலை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். போய்விட்டாள். பதினேழு வருஷம் ஆகிறது. கூலி அதிகம் கிடைத்ததால் போய்விட்டாள் என்று ஊர் பூராவும் சொல்லிவைத்தேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிக்கொண்டேன்.

நேற்று ஆரப்பாளையத்தில் பஸ் ஏறித் திண்டுக்கல் போனேன். அவள் தலை நிமிராமலே, "என்னத்தா, வழி தப்பி வந்துட்டியா?" என்றாள்.

"ஒன்னையப் பாக்கத்தான்க்கா வந்தேன்."

"பாத்தாச்சுல்ல. தள்ளி நில்லு, ஆளு நடக்குற வழி."

நின்றேன். அன்றைக்கு ஏஜென்டிடம் பொய் சொன்னேன் என்று சொன்னேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஒனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?" என்றாள்.

பிறகு ஒரு மூட்டையை என் பக்கம் நகர்த்தி, "சொல்லு பாப்போம்" என்றாள். வளையலைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. தங்க வளையல், கை பெருத்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கைய விட்டு எம்புட்டு வருசமாச்சு?" என்று கேட்டாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாலு நாளும் கையை விட்டது ஜெயபாண்டிதான். நான் பக்கத்தில் நின்று பேசினேன். அவனுக்கு நான்தான் பழக்கினேன், அதனால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சோப்புத் தண்ணீர் போட்டு அவளே என் வளையலைக் கழற்றினாள். கையைத் துடைத்துவிட்டு இறக்கினேன். உள்ளூருக்கு என்றேன். "சென்னைக்குத்தான்டி" என்றாள். பதினைந்து எண்ணிவிட்டேனாம்.

உன் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். "அந்தக் கண்ணாடி போட்ட டீச்சரா? அம்புட்டுக் கேள்வி கேட்டுச்சு, ஒம் பேரைச் சொல்லல. நானும் சொல்லல" என்றாள். பெயர் போடலாமா என்று கேட்டேன். அப்பா பெயர் கருப்பு, இனிஷியல் க. என்று மட்டும் சொன்னாள். அப்படியென்றால் போடு என்றுதான் அர்த்தம்.

அவள் யாரிடம் கற்றாள் என்றும் கேட்டுவிட்டேன், நீ எப்படியும் கேட்பாய் என்று. "நானாத்தான் பழகுனேன்" என்றாள். அது மெய்யா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நீயே போய்க் கேட்டு, அவள் சொல்வதை அவள் சொன்னதாக எழுது.

"கனகா முறை" வேண்டாம். அவள் பெயரை வை. ஹாலாஸ்யம் சார் காரணம் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. சந்தையில் நானே சொல்லிவிடுகிறேன். ஜெயபாண்டியிடம் இன்று காலையே சொன்னேன். "அப்ப இத்தனை நாளு?" என்றான்.

ஆய்வேடு அட்டை போட்டு வந்ததும் முதல் பிரதி எனக்கு வேண்டாம். திண்டுக்கல்லுக்கு எடுத்துப்போ. அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அந்தப் பக்கத்தைத் திறந்து நீயே வாசித்துக் காட்டு. அப்போது நானும் வரலாமா என்று அவளிடம் கேட்டு எழுது. போனில் சொல்லிவிடாதே.

உன்
கனகா