இறக்கத்தில் வந்த கருகல் வாசனை

என்னங்க,

கார் சாவியைத் தேடாதீர்கள். ஒர்க்‌ஷாப் சுகுமாரனிடம் கொடுத்துவிட்டேன். மதியம் வந்து காரை இழுத்துப் போவார்.

நேற்று ரிங்லெட் மலைப்பாதை இறக்கத்தில் கருகல் வாசனை வந்ததும், "கோழி உரம்லா, கண்ணாடிய ஏத்து" என்றீர்களே, அது நம் பிரேக். பத்து வருடமாக உரம் விற்பவருக்கு வித்தியாசம் தெரியவில்லை!

பெட்ரோலை மிச்சம் பிடிக்க நேற்றுபோல் கியர் இல்லாமல் நியூட்ரலில் உருட்டினால் இன்ஜின் காரைப் பிடிக்காது. பாரமெல்லாம் பிரேக்குக்குப் போகும். அது சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்காது. இரண்டாம் கியரில் இறங்குங்கள், இன்ஜினே இழுத்துப் பிடிக்கும்.

மீன் குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

நளினி

பி.கு.: நேற்று பின்சீட்டில் பயந்துபோன அன்பரசி இனி உங்கள் காரில் ஏற மாட்டாளாம். அப்பா திட்டுவார் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பிரேக்கை சுகுமாரன் சரிசெய்வார். மகளிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.