தலைகீழாய் நட்ட கதியால்

அண்ணை,

இன்று காலை ஆட்டுக்குக் குழை வெட்ட உங்கள் வேலிக்குப் போனேன். கிளுவைக் கொப்பில் கத்தி பட்டதும் அந்தப் பிசின் மணம் எழும்பியது. கை முழுக்க ஒட்டிக்கொண்டது. கழுவாமலே வாசிகசாலைக்குப் போய்விட்டேன்.

அங்கே பழைய கதைதான். சனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது. அதற்குள் பேப்பரில் நாலைந்து முகங்களை வரிசையாகப் போட்டுவிட்டார்கள். இவர் தேர்தல் கேட்பாராம், அவர் கேட்கமாட்டாராம், மற்றவர் யோசிக்கிறாராம். சனம் அதைச் சுற்றி இலையான் மாதிரி நின்றது. நான் கையை மணந்துகொண்டு பின்னால் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தேன். உங்கள் இடம் பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்தது.

நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஆள். இந்த மடலையும் அப்படித்தான் எழுதுகிறேன். பேப்பர் என்றால் எனக்கு உங்கள் குரல்தான். ஒரு பெயரை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்ப்பீர்கள். பிறகு வெங்காயத்தில் நல்லது கெட்டது பிரித்துத் தெரிகிற மாதிரி ஆளைத் தெரிவீர்கள். "உவர் விதை வெங்காயம். இந்தமுறை இறக்கமாட்டினம். அடுத்தமுறைக்கெண்டு பிடி கட்டிக் கூரையிலை தூக்கியாச்சு." இன்னொருவர் வெளியில் நல்ல தோல், நடுவில் அழுகல். எங்கள் தமிழ் ஆள் ஒருவரை நிறுத்தினால் என்ன என்று ஒரு பெடியன் கேட்டதற்கு, "நிப்பாட்டலாம் தம்பி. சந்தைக்குக் காணாது, வீட்டுக் கறிக்குக் காணும்" என்றீர்கள். அவன் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனான். அடுத்த நாள் உங்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான்.

ஒருமுறை லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போனோம். புத்தூர்ச் சந்தியில் தொடங்கின தேர்தல் கதை சுன்னாகம் வந்தும் முடியவில்லை. வியாபாரி என்ன விலை என்று கேட்க, நீங்கள் வேட்பாளர் ஒருவரின் பெயரைச் சொன்னீர்கள். அந்த மனிதனும், "அது வலு குறைஞ்ச விலையெல்லோ" என்றான். நீங்கள் சிரித்த சிரிப்பில் மூட்டையை இறக்கக் கை இல்லாமல் போய்விட்டது. கதையை விட்டு எங்கேயோ போகிறேன்.

உங்கள் தெரிவெல்லாம் ஒரே கேள்வியில் முடியும். "உவர் வந்தால் கம்பி திறக்குமோ?" வடக்கே ஆமிக்காரரின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே கிடந்தது உங்கள் காணி. கலியாணம் கட்டின புதிதில் அக்காவும் நீங்களும் உடுத்த உடுப்போடு அங்கிருந்து வெளிக்கிட்டு, எங்கள் ஊரில் இரவல் காணி ஒன்றில் வந்து இருந்தவர்கள். தலை நரைத்தும் அது இரவல் காணிதான். அதற்கு நீங்கள் பனைமட்டை வேலிதான் அடைத்தீர்கள். "வேர் விடுற சாமான் ஒண்டும் இந்த மண்ணிலை நடமாட்டன். நட்டால் இருந்திடுவம்" என்பீர்கள்.

மட்டை உக்கும், மாடு உள்ளே பூரும், அக்காவின் கத்தரியைத் தின்னும். நீங்கள் முற்றத்தில் இருந்து அடுத்த சனாதிபதி ஆர் என்று என்னோடு கதைத்துக்கொண்டிருப்பீர்கள். மாட்டைக் கலைத்துவிட்டு வந்த அக்கா ஒருநாள் நிதானமாகச் சொன்னா: "இஞ்சாருங்கோ, கொழும்பிலை ஆர் இருந்தாலும் மாடு எங்கடை வளவுக்கைதான் நிக்குது."

போன தேர்தலுக்குப் பெயர்கள் அடிபடத் தொடங்கின காலத்தில் அக்கா என்னிடம் வந்து, வேலியில் நட்டால் துளிர்க்கிற கிளுவைக் கதியால் கேட்டா. இனி இங்கேதான் இருப்பு, உயிர்வேலி ஒன்று போடவேணும் என்று சொல்லி, களைத்துப்போய் நின்றா. என் வேலியில் தடித்ததாய்ப் பார்த்து வெட்டி, கட்டிக் கொண்டுவந்து போட்டேன். அக்காவும் நானும் சாமான் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் நீங்கள் தனியாக நின்று நட்டிருந்தீர்கள். திரும்பி வந்து வேலியோரம் நடந்தேன். தடித்த அடிப்பக்கம் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சின்னப்பிள்ளைகூட அப்படி நடாது. வயது போய்விட்டது, கண் தெரியவில்லை என்று நினைத்தேன்.

"அண்ணை, அடி மேலை நிக்குது."

"சத்தம் போடாதை. அவளுக்குப் பச்சையாய் நிண்டால் காணும். உது வேர் விடாது. தேர்தல் முடியக் கம்பி திறந்தால் இழுத்துப் போட்டிட்டுப் போயிடலாம்."

தேர்தல் முடிந்தது. நீங்கள் தெரிந்தெடுத்த பெயர்களில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் ஆமிக்காரர் கொஞ்சக் காணி விடுகிறார்கள் என்று கதை வந்தது. உங்களை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். சனம் பற்றைக்குள் தங்கள் கிணற்றைத் தேடிக்கொண்டு திரிந்தது. ஒரு கிழவி நிலத்தைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்தா. நாங்கள் நடந்துபோனோம். உங்கள் காணிக்கு ஒரு வளவு முந்திப் புதுக்கம்பி இழுத்திருந்தார்கள். அங்காலே உங்கள் பலா நின்றது. கம்பியைத் தொடாமல் நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"காய்ச்சிருக்கு," என்றீர்கள். "ஆர் தின்னுறாங்களோ."

அதற்குப் பிறகு வாசிகசாலையில் உங்களுக்குப் பேப்பர் விரிக்கக் கை வரவில்லை. அந்த மாரி தொடங்க முந்திப் போய்விட்டீர்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு நல்ல மழை. வேலிப்பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பாதிக் கதியால் பட்டுப்போய்க் கிடந்தது. கிணற்றடிப் பக்கத்துக் கதியால்கள் தளிர்த்திருந்தன. நுனி மண்ணுக்குள் கிடந்து வேர்விட, அடியிலிருந்து குருத்து வந்திருந்தது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாற, அவவே தொடங்கினா.

"தலைகீழாய் நட்டவர். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனியோ? நானும் தோட்டக்காரன்ரை பிள்ளைதான். நெடுகத் தண்ணி ஊத்தினனான்."

"அண்ணையிட்டைச் சொல்லேல்லையோ?"

"ஏன் சொல்லோணும்? அந்த மனிசனுக்கும் ஏதும் ஒண்டு வேணுமெல்லே."

இன்று வாசிகசாலையால் வரும்போது அக்கா படலையடியில் நின்றா. தேர்தல் கதை எடுத்தால் எழும்பிப் போகிற அக்கா, "இந்தமுறை ஆர் ஆராம் கேக்கினம்?" என்று கேட்டா. எனக்கு அலுப்பாய் இருந்தது. எத்தனை முகம், எத்தனை பெயர். என்றாலும் காதில் விழுந்ததை எல்லாம் சொன்னேன். இவர் விதை வெங்காயம், இவர் தோல் என்று உங்கள் மாதிரியே சொல்ல வந்துவிட்டது. அவ கடைசிவரை கேட்டா.

"அந்த மனிசன் இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?"

"இந்தமுறை திறக்கும் எண்டு சொல்லியிருப்பார்."

"ஓம்," என்றுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனா.

அந்தப் பெயர்களில் ஒன்றையும் நான் நம்பவில்லை, அண்ணை. எங்கள் ஊரில் நம்புகிறவன் குறைவு. ஆனால் வேலி வெட்டும்போது நேரான கதியால் அகப்பட்டால் ஆட்டுக்குப் போட மனம் வருகுதில்லை. கம்பி திறந்தால் உங்கள் காணிக்கு முதலில் எல்லை அடைக்கவேணும். வெட்டினதை மாமர நிழலில் சாத்தி வைக்கிறேன். நாள் போகக் காய்ந்துபோகும், எடுத்து எரித்துவிட்டு வேறு வெட்டி வைப்பேன். இன்றைக்கும் வைத்திருக்கிறேன், அடி கீழே இருக்கிற மாதிரி.